பச்சை ஸ்பிரிங்

உறுமும், தளரும், மறுபடி உறுமும்
அந்தச் சாம்பல்நிற பெர்குசன்.
லீவரை எங்கே வைத்தாலும் அதன் இஷ்டம்தான்.
அறுத்த புல் தரையில். ஃபியோர்டின் வாயில் மழை.

ஸ்டெய்ன்வோர் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினாள்.
தண்ணீர் பீய்ச்சி
கேஸ்கட் ஓரம் காற்று இழுக்கிறதா பார்த்தாள்.
ம்ஹும்,
அதே மூச்சிரைப்பு.

கவர்னர் பக்கம் போன விரல் நின்றது.
தடித்த ஸ்பிரிங், பச்சைப் பெயின்ட்:
சமையலறைக் கதவினுடையது!

ஆறு குளிர்காலமாய் அந்தக் கதவு
காற்றுக்கெல்லாம் அறைந்துகொள்கிறது.
ஓர்லீகுர் விட்டுப்போன கோபம் என்றே
அதைச் சரிபார்க்காமல் இருந்தாள்.

“எடுத்ததைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.”

டப்பாவைக் கிளறி
மெலிந்த ஒன்றை மாட்டினாள்.
எஞ்சின் ஒரே குரலில் நின்றது.

முதல் துளிக்குள் பாதி வயல் சேர்ந்தது.
பச்சை ஸ்பிரிங் பையிலிருந்து
தொடையைக் குத்திக்கொண்டே வந்தது.
கதவுக்கா, கடலுக்கா,
இன்னும் முடிவில்லை.