நுரையா, தேத்தண்ணியா

மல்லாவி. வெள்ளம் வடிந்த கிழமை.
இரவுக் கடமையில் நான் தனிய.
யன்னல் விளிம்பில் இரண்டு போத்தல் சலம்.
ஒன்றின் மேல் நுரை,
பால்காரன் உயரத் தூக்கி ஊற்றினதுபோல,
பத்து நிமிடமாகியும் அடங்கவில்லை.
மற்றது வெறுந்தேத்தண்ணி நிறம்,
யாரோ குடிக்க மறந்து ஆறவிட்ட சாயம்.

நுரைப் போத்தலில் ஒட்டியிருந்த பெயர் சஜிந்தா, வயது எட்டு.
சாயத்தில் யதுகுலன், வயது ஐந்து.
துண்டுகள் நனைந்திருந்தன.
ஒன்றின் பசை மற்றதின் விரலடையாளத்தோடு.
எழுதப் பேனை எடுத்தேன்.
எழுதவில்லை.

விறாந்தை கடந்து வாட்டுக்குப் போனேன்.
ஏழாம் கட்டிலில் யதுகுலன். கண்மடல் திறக்க இடமில்லை.
கணுக்காலில் பெருவிரலால் அழுத்த
குழி அப்படியே நின்றது,
ஈரவரம்பில் மாட்டுக் குளம்பு பதிந்தமாதிரி.
தாய் சொன்னா:
"ஒரு மாதமாய்ப் பிள்ளை கொழுத்துக்கொண்டு வந்தான், மிஸ்.
நான் சந்தோசப்பட்டன்."
அவ சந்தோசப்பட்ட அந்த முப்பது நாளை
எந்தப் படிவத்தில் எழுதுவது?

எட்டாம் கட்டிலில் சஜிந்தா. முகத்தில் சொற்ப வீக்கம்தான்.
தலையிடி என்று சுவருக்குத் திரும்பிப் படுத்திருந்தாள்.
பெரியாட்களின் பட்டியைச் சுற்றினால் பிறஷர் குறைத்துக் காட்டும்;
சின்னப் பட்டியைத் தேடி எடுக்க இருபது நிமிடம்.
நூற்றி நாற்பதுக்குத் தொண்ணூற்றைந்து.
முழங்காலுக்குக் கீழே பழைய சிரங்கின் வட்டங்கள்.
"அது மூன்று கிழமைக்கு முந்தி, காய்ஞ்சுபோச்சு" என்றார் தகப்பன்.
காய்ந்ததுதான்.
சண்டை முடிந்த பிறகு, அந்தச் சண்டையாலேயே
வேறோர் இடம் காயப்படும்.
இதை இந்த ஊரில்
யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இரண்டு போத்தலையும் கொட்டினேன். புதிதாய்க் கேட்டேன்.
அவன் உடனே தந்தான், நுரையோடு.
அவளுக்கு ஒரு மணித்தியாலம்,
தந்தது அரைக் கோப்பை.
அந்த அரைக் கோப்பையே விடையில் பாதி.

டொக்டர் பிரசாந்தினி போனோடு முற்றத்தில் நின்றா,
யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் மறுமுனையில்.
"நெஃப்ரோ..."
"என்ன சொன்னீங்கள்? நெஃப்ரி...?"
வெட்டுப்பட்டது.
இரண்டு வியாதிக்கும் நடுவில் ஓர் உயிரெழுத்து,
அந்த எழுத்தைத்தான் எங்கள் கோபுரம் விழுங்கும்.
நான் கத்தினேன்:
"ஏழாம் கட்டில் நுரை! எட்டாம் கட்டில் தேத்தண்ணி!"
மறுமுனையில் யாரோ சிரித்தது கேட்டது. விளங்கிவிட்டது.

பிறகு விளக்கைக் கொளுத்தி
அவனுடையதைச் சூடாக்கினேன்.
முட்டை வெள்ளைக்கருபோல் திரண்டது.
கண் பெருத்துப்போன அரிதட்டு;
உடம்பு சேர்த்துவைத்ததெல்லாம் சத்தமில்லாமல் விழுகிறது.
அவளுடையதை நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.
சிவப்பணுக்கள் சிதறி அல்ல,
குழாய்க்குள் வார்த்தெடுத்த அச்சாய் வரிசைகட்டி.
இது கல்லில்லை, பையில் கிருமியில்லை.
அரிதட்டே பற்றி எரிகிறது,
கசிகிறது, அடைத்தும் கொள்கிறது,
போக வழியற்ற தண்ணீர் இரத்தத்தில் ஏறுகிறது.

அவனுக்குக் கிழமைக்கணக்கில் கசப்பு மாத்திரை.
அதில் முகம் வட்டமாகும்;
தாய் திரும்பவும் சந்தோசப்படக்கூடும், சொல்லிவைக்க வேண்டும்.
அவளுக்குத் தண்ணீர் அளந்து, சோறு உப்பில்லாமல்,
பிறஷரை மட்டும் இரவு முழுக்கக் காவல்.
பெரும்பாலும் தானாய் ஆறும்.
பெரும்பாலும் என்ற சொல்லை
தகப்பனிடம் நான் சொல்லவில்லை. அது டொக்டரின் வேலை.

எல்லாரும் இப்படிப் பிரிந்து வருவதுமில்லை.
போன வருசம் ஒரு மனுசி,
ஒரே போத்தலில் சாயமும் நுரையும்.
அம்புலன்சில் ஏற்றினோம்.
அவவின் முடிவு எனக்கு வந்துசேரவில்லை.

விடிய, கன்ரீன் பொடியன் கோப்பையோடு வந்தான்.
பால் விட்டுத் தா என்றேன்.
உயர்த்தி ஆற்றினான்.
வெளிச்சத்தில் ஒருக்காப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான்
குடித்தேன்.