ஆறு மில்லி

புழுங்கல் வாடையோடு விடிகிறது புதுவயல்.
உமிச்சாம்பல் மேலிருந்து இறங்கித்
தலைக்கவசத்தில், டிபன் பாக்ஸ் மூடியில்,
நேற்று ராத்திரி போட்ட வெல்டிங்கின் மேல்
கூச்சமில்லாமல் உட்காருகிறது.
பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும்.

அறுபது டன் நெல் நிற்கப்போகும் தொட்டி.
கால் நான்கு, காலுக்கொரு பிராக்கெட்.
வரைபடத்தில் ஒரு சின்ன முக்கோணம், பக்கத்தில் 6.
அவ்வளவுதான் எனக்கு வந்த கடிதம்.

இருதயராஜ் சருகணிக்காரர். கை சுத்தம்.
கசடைத் தட்டியதும் உள்ளே
தேன்குழல் பிழிந்த ஒழுங்கு.
அழகுக்கு மார்க் போடச் சொல்லி
யாரும் என்னை அனுப்பவில்லை.

கேஜ் என்பது ஏழு தகடு, ஒரு வளையம்.
கண்டனூர் பஸ்ஸில் ஒருத்தி பார்த்துவிட்டு
"எத்தனை வீட்டுச் சாவி இது?" என்று கேட்டிருக்கிறாள்.
ஆறு என்று பொறித்ததைப் பிரித்தேன்.
படுத்த பிளேட்டில் நிறுத்தி
நிற்கும் பிளேட்டோடு ஒட்டித் தள்ளினேன்.

முதல் பிராக்கெட்.
நிற்கும் பக்கம் ஒன்பது ஏறியிருக்கிறது,
படுத்த பக்கம் ஐந்தே ஐந்து.
"கூட்டினா பதினாலு வருது மேடம்.
ஆறும் ஆறும் பன்னெண்டுதானே?"
கணக்கு நன்றாகத்தான் இருந்தது.
இரும்பு கூட்டிப் பார்ப்பதில்லை.
குட்டைக் காலுக்குள் அடங்கும் முக்கோணம்தான் சுமக்கும்;
மிச்சமெல்லாம் ராடுக்குப் பிடித்த செலவு.

இரண்டாவதில் கால் இரண்டும் ஆறு.
முகம் மட்டும் உள்வாங்கியிருந்தது,
பட்டினி வயிறு மாதிரி.
தகட்டைத் திருப்பி மறுமுனையை வைத்தேன்.
நடு மூக்கு தொடவில்லை.
செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தபோது
மூக்குக்கும் உலோகத்துக்கும் நடுவே
ஒரு நூல் வெளிச்சம்.
தொண்டைக் கனம் நாலு புள்ளி இரண்டு வேண்டும்.
வெளிச்சம் வந்துவிட்டால் விவாதம் இல்லை.
சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன்.

மில் தரப்பு ஆள் அடைக்கப்பன் கிட்டே வந்தார்.
"மாசி கடைசிக்குள்ள நெல் ஏத்தணும்.
ஒரு மில்லியில என்னம்மா இருக்கு?"
"ஈரம் ஒரு புள்ளி கூடினா
லாரியைத் திருப்பி விடுறீங்களே" என்றேன்.
அவருக்கு ஒரு போன் வந்தது, அல்லது வரவழைத்துக்கொண்டார்.

மூன்று, சரி. நாலு, சரி.
பச்சை மையில் கையெழுத்து.

ராத்திரி, கழனிவாசல் பக்கம் லாட்ஜ்.
தூக்கம் வராமல் வெர்னியரை எடுத்து
கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன்:
ஐந்து ரூபாய் காசு, சட்டைப் பொத்தான்,
பற்பசை மூடி, அப்புறம் அந்தத் தகடு.
ஐந்து புள்ளி ஐந்து.
துடைத்துவிட்டு மறுபடி.
ஐந்து புள்ளி ஐந்து.

போன ஆடியில் கேஜ் கீழே விழுந்து
அடியில் பிசிறு நீட்டியது.
அரம் வாங்கி நாலைந்து இழுப்பு இழுத்தவள் நான்தான்.
எழுத்து மட்டும் தேயாமல்
ஆறு, ஆறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
ஆறு என்றால் சூடு தணி என்றும் ஒரு பொருள்.
விடியும்வரை எதுவும் தணியவில்லை.

முதல் பஸ்ஸில் போய்ச் சொன்னேன்:
"மூணையும் நாலையும் திரும்ப அளக்கணும்.
தப்பு உங்க கையில இல்ல, என் தகட்டுல."
இருதயராஜ் அதை வாங்கி
அரிவாள் பதம் பார்ப்பதுபோல் விளிம்பில் விரல் ஓட்டினார்.
"அப்ப நேத்து தள்ளினது?"
"அது இன்னும் மோசம்."
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

வெர்னியரின் வாலை நீட்டி அளந்தேன்.
மூன்று: ஆறு புள்ளி ஒன்று.
நாலு: ஐந்து புள்ளி ஏழு.
சாக்பீஸை அவரே எடுத்து நீட்டினார்.
பச்சைக் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு,
அதன் கீழ் இன்னொரு கையெழுத்து.

அறிக்கையின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்:
கல்லல் தண்ணீர்த்தொட்டி.
காளையார்கோவில் பள்ளிக்கூட மாடிப்படி.
இளையான்குடி கொட்டகைத் தூண், பதினெட்டு.
ஆடிக்குப் பிறகு சரி என்று சொன்னதெல்லாம்.

இருதயராஜ் முகமூடியை இறக்கினார்.
நீல வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
அடுத்த ஊரை யோசித்தேன்.