பல்லாவரத்து அருவி

ஏலகிரிக்குப் போட்டிருந்த டிக்கெட்டை
வெள்ளி இரவு ரத்து செய்தோம்.
ஜெரால்டுக்கு லீவு இல்லை, அவ்வளவுதான்.

அழுது ஓய்ந்த பிள்ளைகளிடம்
"நம்ம தெருவுக்குப் பின்னாலயே ஒரு மலை இருக்கே" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது:
பதினோரு வருடமாக
மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம்
அதற்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால்.
பூசைக்குச் சாயங்காலம் போய்க்கொள்ளலாம்.
எலுமிச்சை சாதம், இரண்டு பாட்டில் தண்ணீர்,
ரூபனின் பூதக்கண்ணாடி,
செரின் விடாப்பிடியாய்ச் சுமந்து வந்த
மஞ்சள் மழைக்கோட்டு.
"மலைன்னா அருவி இருக்கும்.
அருவின்னா நனைவோம்."
வாதத்தில் பழுதில்லை.
மாதம்தான் மே.

பாதை என்று ஒன்றில்லை,
ஆடுகள் நடந்து போட்ட கோடு.
எங்கே வளைய வேண்டுமென்று ஆடுகளுக்குத் தெரிந்திருந்தது.
ஜெரால்டு நேரே ஏறினார்.
இலந்தை முள் சட்டையைப் பிடித்திழுத்து
அப்படியென்ன அவசரம் என்றது.

ஐந்து வயதுக் காலுக்கு
ஒவ்வொரு பாறையும் ஒரு மாடி.
பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தோம்.
மலை ஏறுவதென்றால்
பாதி நேரம் எறும்பு பார்ப்பது.
இறந்த வண்டொன்றை முப்பது பேர் தூக்கிப் போனார்கள்,
ரூபன் எண்ணினான், இரண்டு முறை,
இரண்டாம் முறை முப்பத்தொன்று.

உடைந்த பாட்டில் சில்லைப் பார்த்து
"அம்மா, மரகதம்!" என்றாள் செரின்.
செருப்பால் ஓரம் தள்ளிவிட்டு
"அது தூங்கட்டும்டா" என்றேன்.

உச்சி என்பது
ஒரு தட்டைப் பாறை,
அதில் யாரோ சுண்ணாம்பில் வரைந்துவிட்டுப் போன இதயம்,
அம்பு போட மறந்தது.
கீழே ஒரு விமானம் இறங்கியது.
எங்கள் மாடிக்கு அது எப்போதும்
வயிற்றை மட்டும்தான் காட்டும்.
இன்று அதன் முதுகைப் பார்த்தோம்.
வெள்ளை முதுகு, தூசி படிந்தது,
நம்மைப் போலத்தான்.

"அருவி எங்கே?"
இந்தக் கேள்விக்காகத்தான்
வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன்.

"அதோ!" என்றாள் அவளே.

விரல் போன திசையில்
நெருக்கி அடுக்கிய மொட்டை மாடிகள்,
நீலத் தொட்டிகள், கறுப்புத் தொட்டிகள்.
அவற்றில் ஒன்றிலிருந்து
வெள்ளியாய் ஒரு கோடு,
வெயில் பட்டு உடைந்து,
சுவரோரம் விழுந்துகொண்டிருந்தது.
அழகாகத்தான் இருந்தது,
அது எங்கள் வீட்டுத் தொட்டி என்று
தெரிகிற வரைக்கும்.

மோட்டார்!

போட்டது நான்.
அவர் அணைத்திருப்பார் என்று நான்,
நான் அணைத்திருப்பேன் என்று அவர்.
கீழ்வீட்டு ஓனர் காலைப் பூசையில்,
அவர் போனும் முழங்காலில் நின்றிருக்கும்.
ஜெரால்டு ஓடினார்.
இந்த முறை
ஆடுகளின் கோட்டை அப்படியே பிடித்து.

ஒரு லாரித் தண்ணீர் என்ன விலை,
அதில் எங்கள் பங்கு எவ்வளவு,
மனம் கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் விட்டது.
செரின் மழைக்கோட்டைப் போட்டு
கழுத்துவரை பொத்தானிட்டு
பாறையில் சம்மணமிட்டிருந்தாள்.
டப்பாவைத் திறந்தேன்.
மூவரும் அருவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

கோடு மெலிந்தது.
நூலானது.
நின்றது.

"அப்பா வீட்டுக்குப் போயாச்சு" என்றான் ரூபன்.

மாடியில் ஒரு புள்ளி தோன்றிக் கை உயர்த்தியது.
ரூபன் அதன் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தான்,
அப்பா தலைகீழாகத் தெரிவதாகச் சொன்னான்.
"ஏம்ப்பா நிறுத்தினே!" என்று செரின் போட்ட கத்தலை
அடுத்த விமானம் எடுத்துக்கொண்டு போனது.

புள்ளி கொஞ்ச நேரம் நின்றது,
இடுப்பில் கை வைத்திருக்கலாம்.
பிறகு மாடியில் இல்லை.

மறுபடி ஏறி வருகிறார் போல.
அவர் பங்குச் சாதத்தில்
எறும்பு ஏறாமல்
மூடியை அழுத்தி வைத்தேன்.