கடைமடைக்குத் தண்ணீர் வந்த வாரம்

சுவிட்சை அணைத்தாலும் கொதிக்கிறது என்கிறார்
அமலோற்பவம் டீச்சர்.
பேய் என்று சொல்லவில்லை. கணக்கு டீச்சர்.
"ராத்திரி பதினொரு மணிக்கு
தொட்டிக்குள்ள உலை கொதிக்கிற சத்தம், கலியமூர்த்தி.
கைகழுவத் திறந்தா ஆவி வருது."
புறங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு.

குளியலறைப் பரணில் ஐம்பது லிட்டர் தொட்டி.
மெயினை இறக்கிவிட்டு
வயிற்றில் கை வைத்தேன், எடுத்தேன்.
தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றேன்,
பத்துக்கு எட்டு வீட்டில் அதுதான்.
புதுசு மாட்டினேன். நானூற்றி இருபது.
அறுபதில் டக்கென்று விட்டது.
மறுநாள் காலை ஆறுக்கே போன்:
"அது விட்டுச்சுப்பா. தண்ணி விடல."

இரண்டாம் முறை
வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன்.
பிரிட்ஜ், மோட்டார்,
மாதா படத்தின் கீழ் எரியும் சின்ன பல்பைக்கூட.
மீட்டரில் சிவப்புப் பொட்டு
சிமிட்டிக்கொண்டே இருந்தது,
எல்லோரும் தூங்கியபின்
அடுப்படியில் யாரோ உருட்டித் தின்பதுபோல.

எப்போதிலிருந்து டீச்சர்?
"வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னைலேருந்து."
சிரித்துவிட்டேன்.
சிரிப்பு பாதியில் நின்றது.

எர்த் குழி வாய்க்கால் கரையில், பூவரசுக்குக் கீழே.
வைகாசி வரை வெடித்துக் கிடந்த களிமண்,
கெஞ்சினாலும் கரண்டுக்கு வழிவிடாது.
மேட்டூரில் திறந்தது
கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகி,
மதகுக்கு மதகு முறை காத்து,
அரிச்சந்திரா வழியே போன வாரம்தான்
தலைஞாயிறு வந்து சேர்ந்தது.
மண் ஊறியது.
ஊறிய மண் இழுக்க ஆரம்பித்திருக்கிறது.

அணைத்த சுவிட்சுக்கு அப்பால் டெஸ்டரை வைத்தேன்.
எரியக் கூடாத இடத்தில் எரிந்தது.
சுவிட்சு அறுப்பது நியூட்ரலை.
பேஸ் யாரையும் கேட்காமல்
நேரே சுருளுக்குள் நிற்கிறது.
வாசலைப் பூட்டிவிட்டு
கொல்லையைத் திறந்துபோட்ட வீடு.
சுருளின் உறையில் எங்கோ ஒரு விரிசல்,
அதன் வழியே இறங்கி, மண்ணுக்குப் போகிற வழியெல்லாம்
தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது.

"சித்திரையிலயே குழாயத் தொட்டா சுருக்குங்கும்,
எறும்புன்னு நெனச்சேன்" என்கிறார் கீழிருந்து.

எந்தப் படுபாவி மாற்றிக் கொடுத்தான் என்று
ஜங்ஷன் பெட்டி மூடியைத் திருகினேன்.

மூன்று முறுக்கு.
நுனியை மடக்கி ஒரு தட்டு.
மேலே டேப், வலமிருந்து இடம்.
இந்தப் பக்கத்தில் இடக்கையால் டேப் சுற்றுகிறவன்
ஒருத்தன்தான்.

மின்வெட்டுக் காலம் அது.
வீடு மந்திரிப்புக்கு இரண்டே நாள்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இதே பரணில் குப்புறக் கிடந்தேன்.
அந்த மஞ்சளில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும்
ஒரே பழுப்பு.
பன்னிரண்டு வருஷம்.
மகளின் இரண்டு பிரசவமும் இந்த வீட்டில்தான்.
இந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருப்பார்கள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"
ம்.
"எலியா?"

எலி.
எவ்வளவு வசதியான பிராணி.
கடித்த தடம் கூடக் காட்டவேண்டாம்,
நம்பிவிடுவார்.
கொல்லைக்குப் பின்னால் அரிச்சந்திரா தண்ணீர்
குப்பையும் ஆகாயத்தாமரையுமாய் போய்க்கொண்டிருந்தது.
அது பாட்டுக்குப் போனது,
தன் பெயர் தெரியாமல்.

"எலி இல்ல டீச்சர். நான்தான்."

ஏணியில் இறங்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.
மாற்றி முடுக்கினேன். புதுச் சுருள் என் காசில்.
எர்த் லீக் பிரேக்கர் ஒன்று, அதுவும்.
பழைய நானூற்றி இருபதை மேஜைமேல் வைத்தேன்.
எடுக்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி
விடை சரி, வழி தப்பு என்கிற கணக்கைப்
பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இந்தத் தெரு முழுக்க
அந்த வருஷம் நீதானே வயரிங் செஞ்ச?"

பதினாலு வீடு.

டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினேன்.
எதிர்வீட்டு நாய்
நான் கேட்டைத் தொடும் முன்பே
குரைக்கத் தொடங்கியது.