நிறைந்தால்

இரண்டே தெரிவு காட்டுகிறது கமரா.
நிறைந்தால் நிறுத்து.
நிறைந்தால் பழையதன் மேல் எழுது.

முதல் வருடம்
நிறுத்து என்றேன்.
அறுபத்துநாலு ஜீபீ காட்,
பத்து நிமிடத்துக்கு ஒரு படம்,
ஒரு படம் இருபத்தைந்து எம்பீ சொச்சம்.
கணக்கு பதினேழு நாளும் கொஞ்சமும்.
மல்லாவிக்கு அப்பால்
ஆத்திக்கண்டல் குளக்கட்டில்
பாலைமரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு
கிளிநொச்சிக்கு வந்துவிட்டேன்.

பதினெட்டாம் நாள் வீதிக்கு மேலால் தண்ணீர்.
மாங்குளத்தோடு பஸ் நின்றது.
படம் 2486, பின்னேரம் ஐந்து பத்து:
வானுக்கு இரண்டு அங்குலம் கீழே அலை.
அடுத்த படம் இல்லை.
ஐந்தரைக்குக் குளம் வான் பாய்ந்ததாம்.
ஊரே வந்து பார்த்தது
குடையோடும் பிள்ளைகளோடும்.
கமரா மட்டும்
சிவப்பு லைற்றைச் சிமிட்டியபடி
ஒன்றும் பார்க்காமல் நின்றது.

இரண்டாம் வருடம்
மேல் எழுது என்றேன்.
வான் பாய்ந்தது அத்தனையும் இருந்தது,
வெள்ளை நுரை, அடித்து வந்த முதிரைக் கொப்பு.
ஆனால் ஆவணிமாத வெடிப்புகள் இல்லை.
நடுக்குளத்தில் கவிழ்ந்து கிடந்த தோணி இல்லை.
குறுக்கே நடந்து போன மாடு இல்லை.
தொடக்கத்திலேயே பதினாறடித் தண்ணீர்.
நீர்ப்பாசன அலுவலகத்தில் கேட்டார்கள்,
"நிரம்பினது எங்க பிள்ளை?
இது நிரம்பியே இருக்கிற குளமெல்லோ?"

நான் பேசுவது காட்டைப் பற்றி.
மெமரி என்று சொன்னாலே
இங்கே ஆட்களின் முகம் மாறுகிறது.
ஆகையால் காட் என்றே சொல்கிறேன்.

மூன்றாம் வருடம்
றெஜினோல்ட்டைப் பிடித்தேன்.
விடிய நாலு மணிக்கு ஜப்பான் மீனுக்கு வலை போடுகிறவன்,
கட்டால்தான் வருவான், கட்டால்தான் போவான்.
காட் இரண்டு.
பதினாறு நாளுக்கு ஒருதரம் மாற்று,
நிறைந்ததில் மனிசியின் கியூட்டெக்ஸால் ஒரு பொட்டு வை,
பனடோல் டப்பாவுக்குள் பச்சையரிசி கொஞ்சம் போட்டு
மல்லாவி பஸ் கொண்டக்டரிடம் கொடு.
நான் இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுப்பேன்.
இரண்டிலும் திறந்து பார்ப்பேன்.
பிறகுதான் அழிப்பது,
பொட்டையும் சேர்த்து.

நாலாம் மாற்றில்
பொட்டு வைத்ததையே திருப்பிப் போட்டுவிட்டான்.
ஐந்து மணித்தியாலம் போனது.
படத்தில் ஒரு நாரை நின்ற இடத்தில்
சட்டென்று வெறும் தண்ணீர்.
"அது பறந்திருக்கும்," என்றான்,
"நாரை எண்டால் பறக்கும்தானே."

ஆறாம் காட்டைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.
அந்தப் பெடியன் லப்டொப்பில் போட்டு
தண்ணீர், தண்ணீர், தண்ணீர் என்று
முந்நூறு படம் தட்டிப் பார்த்தான்.
இடையில் ஒரு முதலை வந்தது.
அதை மட்டும் பெரிதாக்கி
மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.
டப்பாவைத் தந்தபோது அரிசி குறைந்திருந்தது.
காட் இருந்தது.

நூற்றிருபது நாள்.
பதினேழாயிரம் சொச்சம் படம்.
வெடிப்பிலிருந்து வான் வரைக்கும்
பதினொன்றரை நிமிடம் ஓடியது.
ஒரு நிமிடம் போதும் என்றார்கள்.
பன்னிரண்டில் ஒன்றை எடுத்து
பதினொன்றை விட்டேன்.
ஐம்பத்தேழு விநாடி.

அலுவலகத்தில் போட்ட அன்று
றெஜினோல்ட் கழுவின சேர்ட்டோடு வந்து
பின்வரிசையில் இருந்தான்.
கை தட்டினார்கள். லைற் போட்டார்கள்.
மெல்லக் கேட்டான், "நான் எங்க?"

காட் மாற்றியதும் ஒருதரம்
கமரா அவனை எடுத்திருந்தது:
மூடியைப் பூட்டும் பெருவிரல்,
மழைத்துளி தொங்கும் ஒரு காது,
பின்னால் மங்கலாய்ப் பதினெட்டடிக் குளம்.
பன்னிரண்டுக் கணக்கில் அது விழவில்லை.
கணக்கை அந்த ஓர் இடத்தில் உடைத்து
உள்ளே வைத்திருந்தேன்.
ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

பின்னால் ஓட்டி நிறுத்திக் காட்டினேன்.
கிட்ட வந்து பார்த்தான்.
"காதுக்குள்ள சேறு," என்றான்.