புள்ளிக்கும் நாற்பது ரூபாய்

பகலில் நான் கருங்கல் முந்திரி ஆபீஸில்
முழுசு, பிளவு, நொய் என்று
மூட்டைக் கணக்கு எழுதுகிறவள்.
ஆறரைக்கு வீடு.
சோப்புக்கும் போகாத தோட்டு எண்ணெய் வாசத்தோடு
ஸ்கூட்டர் நிறுத்தும் சாய்ப்பில் லைட்டைப் போடுவேன்.

தையல் மிஷின் போலத்தான் இருக்கும்,
ஊசிக்குப் பதில் நூல் தடிமனில் ஒரு வாள்.
இரண்டு வீடு தள்ளி ரோஸ்லெட்
சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு
பிளவுஸ் தைப்பேனா என்று ஆள் அனுப்பினாள்.
ஒன்பதுக்கு நிறுத்திவிட வேண்டும்,
மேற்கு வீட்டுப் பையனுக்கு நீட் பரீட்சை.
அவன் ஜெயித்தால் இனிப்பில் எனக்கும் பங்குண்டு
என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

'அ'வின் சுழிக்குள் நுழைய வாசல் கிடையாது.
துளை போட்டு,
பிளேடின் ஒரு முனையைக் கழற்றி,
துளை வழியே கோத்து, திரும்ப மாட்டி,
விரலால் சுண்டினால் 'டிங்' என்னும் வரை
முறுக்கி, பிறகுதான் வெட்டு.
சுழி முடியும் இடத்தில் அவசரப்பட்டால்
பிளேடு ஒடியும். ஒடிந்தால் பதினெட்டு ரூபாய்.

இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் சமர்த்து,
காலை ஊன்றி நின்றுகொள்ளும்.
தமிழில்தான் புள்ளி.
எதையும் தொடாமல் மேலே நிற்க வேண்டும் அதற்கு.
வெட்டி முடிந்த நொடியில்
மரத்தூளோடு கீழே விழுந்துவிடும்;
டார்ச் அடித்து, முட்டி போட்டு,
எறும்புகளுக்கு நடுவே நான் ஒரு மெய்யெழுத்தைத் தேடுவேன்.

"மிஷின்தானே வெட்டுது,
நீ சும்மா தள்ளத்தானே செய்யுதே?"
என்றார் வெட்டுமணியிலிருந்து வந்த ஒருவர்,
வீட்டுக்கு 'பெத்தேல் இல்லம்'.
எழுத்துக்கு நாற்பது என்றேன்.
எண்ணிப் பார்த்தார்.
"புள்ளிக்கும் காசா பிள்ளே?"
புள்ளிக்குத்தான் காசு, எழுத்து சும்மா என்றேன்.
சிரித்துக்கொண்டே முப்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.
நோட்டில் எழுதினேன்: பெத்தேல், நஷ்டம் முப்பது, சிரிப்பு ஒன்று.

லீபா வந்தது ஒரு ஞாயிறு, ஆராதனை விட்ட நேரம்.
பையில் நான் வெட்டிய பலகை:
'எட்வின் லீபா', ஒற்றைப் பிலாத்துண்டு.
மூன்று வருஷத்தில் மஞ்சள் போய்
கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது.
"ரெண்டாக்கித் தரணும் அக்கா.
எனக்கு எனக்கதை மட்டும் போதும்."

காரணம் கேட்கவில்லை.
வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!
'ன்'னுடைய புள்ளி விழாமலிருக்க
'லீ'யின் மேல்சுழியைக் கொடி போல இடப்பக்கம் நீட்டி
அதன் நுனியில்
அவன் புள்ளியைப் பூ போலக் கட்டியிருந்தேன்.
பசை இல்லை, ஆணி இல்லை.
வந்த ஆட்களிடமெல்லாம் போட்டோ காட்டினேன்.

இப்போது அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது:
"பெயரைப் பிரிக்கலாம்.
இந்தப் புள்ளி ஒனக்க பக்கம்தான் நிக்கும்.
வேண்டாம்னா அதையும் அறுத்துரலாம்,
சுழி கொஞ்சம் மொட்டையா இருக்கும்."

மிஷினில் வைத்தேன்.
இரண்டு அங்குலம்கூட இல்லை,
காய்ந்த பிலா, மெதுவாகத்தான் போனது.
அவள் தூளை ஊதிவிட்டுக்கொண்டே நின்றாள்.
வெட்டுவாயில் மட்டும்
பழைய மஞ்சள் அப்படியே இருந்தது.

புள்ளிக்கு வந்ததும் நிறுத்தி
அவள் முகத்தைப் பார்த்தேன்.
தொட்டுப் பார்த்தாள்,
பால்பல் ஆடுகிறதா என்று பார்ப்பது போல.
"கெடக்கட்டு. பூ மாதிரிதானே இருக்கு."

பிரிக்கிறதுக்கு என்னிடம் ரேட் இல்லை,
ஒன்றும் வேண்டாம் என்றேன்.
அவள் கேட்கவில்லை. விரலை மடக்கி எண்ணினாள்:
லீ ஒண்ணு, பா ஒண்ணு, புள்ளி ஒண்ணு.
நூற்றிருபதை மேஜையில் வைத்து
மரத்தூள் பறக்காமல்
மேலே சுத்தியலையும் வைத்துவிட்டுப் போனாள்.

மிச்சத் துண்டு இங்கேதான் கிடக்கிறது, 'எட்வின'.
புது பிளேடு மாட்டினால் முதல் வெட்டு அதில்தான் பார்க்கிறேன்.
இப்போது 'எட்' வரைக்கும் வந்திருக்கிறது.