நானூற்றுப் பத்து

குட்டாய்சி நகரப் பிணவறையில்
உறைந்த ரத்தம் கழுவி, நீர் வடித்து
தராசில் வைக்கிறாள் சியாலா.

காலையில் வந்தவன் மல்யுத்தக்காரன்.
நூற்றுப் பத்து கிலோ;
இதயம் நானூற்றுப் பத்து கிராம்.
அந்த உடம்புக்கு அது சரிதான்
என்றது சுவரில் ஒட்டிய அட்டவணை.

மதியம், பொத்தான் கடைக்காரி.
நாற்பத்தொரு கிலோ,
பள்ளிப் பிள்ளையின் செருப்பளவு.
முள் போய் நின்றது
அதே நானூற்றுப் பத்தில்.

தட்டைக் கழற்றித் துடைத்தாள்.
மறுபடி வைத்தாள்.
அதே.

இடது சுவர் இரண்டு சென்டிமீட்டர் தடிப்பு.
'நெடுநாள் ரத்த அழுத்தம்' என்று எழுதினாள்.
அதற்குமேல் படிவத்தில் கட்டம் இல்லை.

சாயங்காலம் சந்தையில்
பாலாடைக்கட்டி நிறுத்தவன் கேட்டான்:
"பத்து கிராம் கூட இருக்கு, கிள்ளிடவா?"

"இருக்கட்டும்" என்றாள்,
தேவைக்கு மேல் சத்தமாக.